112ஆம் பக்கமும் ஏழு கூட்டாளிகளும்

கல்முனையிலிருந்து ஒரு தங்கச்சி போன கிழமை போன் எடுத்தார். நாவல் எழுதி முடித்துவிட்டாராம், அச்சுக்குக் கொடுக்கப் போகிறாராம். "அக்கா, எத்தனை அடிக்கிற, ஆருக்கெல்லாம் குடுக்கிற, வெளியீடு வைக்கிறதா விடுறதா?" என்று ஒரே மூச்சில் கேட்டார். போனில் சொல்லி முடிகிற விசயமா இது? எழுதி அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால், அவருக்கு மட்டும் சொல்வதை விட எல்லாருக்குமே சொல்லலாம் போலிருந்தது. ஏனென்றால் நான் விட்ட பிழைகளில் பாதி, புதிதாகப் புத்தகம் போடுகிற எல்லாரும் விடுகிற பிழைகள்தான். மற்றப் பாதி நான் மட்டுமே விடக் கூடியவை.

என் நாவல் வந்து ஒன்பது மாதம். 208 பக்கம், அதாவது அச்சகக் கணக்கில் 16 பக்கத்துக்கு ஒரு பாரம் என்று 13 பாரம். கதை முடிந்தபோது கடைசிப் பாரத்தில் ஐந்து பக்கம் மிச்சமாக இருந்தது. வெறுமையாக விட மனமில்லாமல் நன்றியுரையை இழுத்து நீட்டினேன். ஐந்து பக்கம் நன்றி சொல்லியும் முக்கியமான ஒருவர் விடுபட்டுப் போனார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

300 பிரதி அடித்தேன். 500 அடித்தால் ஒன்றின் விலை குறையும் என்று அச்சகத்தில் சொன்னார்கள். உண்மைதான், தகடு செய்கிற செலவு நூறு அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் ஒன்றுதான், ஆகவே கூட அடிக்க அடிக்கத் தலைக்கு விழுவது குறைந்துகொண்டே போகும். ஆனால் கடதாசிக் காசு அப்படிக் குறையாது, அது பிரதிக்குப் பிரதி ஏறும். 2022இல் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளி வைத்தார்களே, அந்த நேரத்தில்தான் நான் முதல் விலை கேட்டேன். கேட்டுவிட்டுக் கையெழுத்துப் பிரதியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியவள்தான், இரண்டு வருசம் திறக்கவில்லை. ஆகவே தங்கச்சி, 300க்கு மேல் வேண்டாம். விற்காத 200 புத்தகம் கட்டிலுக்குக் கீழே இருந்தால் ஒவ்வொரு நாளும் கூட்டும்போது தும்புத்தடி அதில் முட்டும்.

அச்சுக்குக் கொடுக்குமுன், புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என் எண்ணை எடுத்துவிடுங்கள். கொழும்பு 7இல் இருக்கும் தேசிய நூலகம் மற்றும் ஆவணவாக்கல் சேவைகள் சபைதான் கொடுக்கிறது. நான் அட்டையை முடித்துவிட்டு எண்ணுக்குக் காத்திருந்தேன், இரண்டு கிழமை வீணாய்ப் போனது. சரி, அலுவல் கதை போதும். கூட்டாளிகளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

நாங்கள் ஏழு பேர். பௌர்ணமி விடுமுறையான போயா நாளில் மட்டக்களப்புக் கல்லடியில் டீச்சர் அக்கா வீட்டு விறாந்தையில் கூடுவோம். டீச்சர் அக்கா ஓய்வு பெற்ற தமிழ் ஆசிரியை, காத்தான்குடி நானா கொமினிகேசன் கடை வைத்திருக்கிறார், வங்கியில் வேலை செய்கிற ஒருவர், ஆரையம்பதியில் இரண்டு பேர், புளியந்தீவில் ஒரு நூலகத் தோழி, மறுகா நான். யாராவது ஏதாவது வாசிப்போம், தேத்தண்ணி குடிப்போம், ஊர்க்கதை பேசுவோம். நாவலை நான் எழுதிய நாலு வருசமும் என்னைத் தாங்கியவர்கள் இவர்கள்தான். அத்தியாயம் முடிந்தால் முதலில் இவர்களுக்கு, கண்ணீர் வந்தால் முதலில் இவர்களிடம். அச்சுக்கு முன் முழுப் பிரதியையும் நானா தன் கடையில் போட்டோக்கொப்பி எடுத்து, சுருள் கம்பி போட்டு ஆளுக்கொன்று கொடுத்தார். காசு வாங்கவே இல்லை.

ஒரு மாதத்தில் ஆறு பிரதியும் திரும்பி வந்தன. "அருமை." "அழுதுட்டன்." "எங்கட மண்ணிர கதை." டீச்சர் அக்கா மட்டும் ணகர னகரப் பிழைகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார், ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு வட்டம். மற்றவர்களின் பிரதிகளில் ஒரு கீறல் கூட இல்லை. எனக்கு அப்போது தலைகால் புரியவில்லை, அவ்வளவு சந்தோசம். இப்போது யோசித்தால் கீறல் இல்லாத பிரதியைக் கண்டு நான் பயந்திருக்க வேண்டும்.

இங்கே முதல் புத்தி. பிரதியைக் கொடுத்து "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள். அன்பானவர்களிடம் அப்படிக் கேட்டால் அன்பான பதில்தான் வரும், அதில் அவர்கள் பிழை ஒன்றுமில்லை. நான் பிறகுதான் ஒரு கேள்வியைக் கண்டுபிடித்தேன்: "எந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனீங்க?" இதற்கு யாரும் பொய் சொல்வதில்லை, சொல்லவும் தேவையில்லை, ஏனென்றால் இது குறை கேட்கிற மாதிரியே இல்லை. ஆறில் நாலு பேர் ஒரே இடத்தைச் சொன்னார்கள், 63ஆம் பக்கம். எடுத்துப் பார்த்தேன். பௌர்ணமி நிலவு, வாவி, கல்லடிப் பாலத்துக்குக் கீழே மீன் பாடுகிறது, மூன்று பக்கம். மட்டக்களப்பில் பேனா பிடித்த எவரும் அந்த மீனைப் பாட விடாமல் இருந்ததில்லை, நான் மட்டும் விடுவேனா? ஆனால் இந்தக் கேள்வியை நான் கேட்டது அச்சான பிறகு. நீங்கள் முதலே கேளுங்கள்.

அப்புறம் ஆளுக்கொரு வேலை கொடுங்கள். முழு நாவலையும் ஆறு பேர் தலையிலும் கட்டுவதை விட, வங்கிக்காரரிடம் "வயதுக் கணக்கையும் வருசத்தையும் மட்டும் பாருங்க" என்று கொடுத்திருந்தால் அவர் கச்சிதமாகப் பார்த்திருப்பார். என் கதாநாயகி ஓர் அத்தியாயத்தில் 19, இரண்டு வருசம் கழித்து அடுத்த அத்தியாயத்தில் 20. அச்சான பிறகுதான் அவரே சொன்னார். "முதலே கண்டனான், சொன்னா மனம் நோகுமெண்டு விட்டுட்டன்" என்றார். மனம் அப்போதுதான் நொந்தது.

வெளியீட்டு விழா வைத்தேன். வைக்காமல் விட ஊர் விடாது. நம் விழாக்களின் ஒழுங்கு எல்லாருக்கும் தெரியும்: மங்கள விளக்கு, மௌன வணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, வெளியீட்டுரை, முதற்பிரதி, சிறப்புப் பிரதி, நயவுரை, ஏற்புரை, நன்றியுரை. அழைப்பிதழில் 3.30 என்று போட்டால் விளக்கேற்ற 4.20 ஆகும். நயவுரைக்கு வந்தவர் நல்ல மனிதர், நாவலை உண்மையாகவே வாசித்திருந்தார், அதுதான் வினையாய்ப் போனது. நாற்பது நிமிடத்தில் கதை முழுவதையும் சொல்லி, கடைசிப் பக்கத்தில் யார் யாரை விட்டுப் போகிறார்கள் என்பதையும் சொல்லி, "மிச்சத்தை நீங்கள் வாசித்துத் தெரிந்துகொள்ளுங்கள்" என்று முடித்தார். மிச்சம் எங்கே இருக்கிறது? முன் வரிசையில் இருந்த என் பெரியம்மா, "நல்லதாப் போச்சு, இனிக் கண்ணாடி தேடத் தேவையில்ல" என்றா. நயவுரை செய்பவரிடம் ஒரு மாதத்துக்கு முன் புத்தகத்தைக் கொடுங்கள், கூடவே, கதையில் எந்த இடத்தோடு நிறுத்த வேண்டும் என்பதையும் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள்.

விழாவில் பிரதிக்குக் காசு வைத்துத் தருகிற கவர் விசயத்தையும் சொல்ல வேண்டும். விலை 1,000 ரூபாய் என்று போட்டேன். கவர்களில் 500உம் இருந்தது, 5,000உம் இருந்தது. ஒரு கவருக்குள் காசு இல்லை, சாமத்திய வீட்டு அழைப்பிதழ் இருந்தது. அவசரத்தில் மாற்றித் தந்துவிட்டார், பாவம். (அந்த வீட்டுக்கு நான் போனேன், போய்க் கவரும் கொடுத்தேன்.) நூலகத் தோழி ஒரு கொப்பியில் பெயர், தொகை, பிரதி எண்ணிக்கை மூன்றையும் எழுதி வைத்தது பெரிய உதவி. யாருடைய வீட்டு விசேசத்துக்கு நான் கடன்பட்டிருக்கிறேன் என்பதை இப்போதும் அந்தக் கொப்பியில்தான் பார்க்கிறேன். கவர் தந்தவர் எல்லாரும் வாசிப்பார்கள் என்று மட்டும் கணக்குப் போட்டுவிடாதீர்கள். அவர்கள் வந்தது உங்கள் முகத்துக்காக, அதுவே பெரிது.

நெருங்கிய கூட்டாளிகளுக்கு இலவசமாகக் கொடுப்பதா என்று கேட்டீர்கள். உழைத்தவர்களுக்குக் கொடுங்கள், மற்றவர்களிடம் காசு வாங்குங்கள். நான் கூச்சத்தில் முப்பதுக்கு மேல் சும்மா கொடுத்தேன், பலது பிளாஸ்டிக் உறை கூடக் கிழியாமல் கண்ணாடி அலுமாரிக்குள் போய் உட்கார்ந்தன. காசு கொடுத்து வாங்கியவர் முதல் பத்துப் பக்கமாவது திறந்து பார்க்கிறார். கடைக்குப் போட்டதில் கடைக்காரர் 35 வீதம் எடுத்தார், அதுவும் விற்ற பிறகுதான் காசு. ஆகவே கூட்டாளி தருகிற முழு ஆயிரம் ரூபாய், அச்சகத்துக் கடனை அடைக்கிற ஆயிரம் ரூபாய்.

கொடுத்த பிறகு "வாசிச்சாச்சா?" என்று கேட்கவே கூடாது. வங்கிக்காரர் அரசடியில் என்னைத் தூரத்தில் கண்டதும் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். இருபது வருசப் பழக்கம்! பிறகு விசாரித்தால், அச்சுப் புத்தகத்தை அவர் இன்னும் திறக்கவில்லையாம், நான் கேட்டுவிடுவேனோ என்ற பயமாம். அன்றே அவருக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: "41லிருந்து 58 வரைக்கும் மட்டும் வாசிங்க, அது உங்கட அப்பா சொன்ன கதை. மிச்சம் வாசிக்காட்டிலும் பரவாயில்ல." அன்றிரவே வாசித்துவிட்டு அழைத்தார். அப்பாவைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேசினார், நாவலைப் பற்றி ஒரு சொல் இல்லை. எனக்கு அந்த ஒரு மணித்தியாலம் போதும்.

இனி 112ஆம் பக்கம்.

நாவல் 1978 சூறாவளிக் காலத்துக் கதை. நவம்பர் 23ஆம் திகதி இரவு அது அடித்தபோது எனக்கு நாலு வயது, புளியந்தீவில் கட்டிலுக்குக் கீழே அம்மாவின் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தது மட்டும்தான் ஞாபகம். ஆனால் கதையின் குடும்பம் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு போடியாரின், அதாவது பெரிய வயல்காரரின், வயலைச் செய்கிற குடும்பம். 112ஆம் பக்கத்தில், சூடடிக்கிற களமான களவெட்டியில் அடுக்கி வைத்த சூடு, அதாவது வெட்டின நெற்கதிர்க் குவியல், காற்றில் உப்பட்டி உப்பட்டியாகப் பறந்துபோகிறது, ஒரு வருசத்து உழைப்பு ஓர் இரவில் போகிறது, அந்தக் கடனிலிருந்துதான் மிச்சக் கதை எழும்புகிறது. எழுதிவிட்டு நானே அழுத பக்கம். ஏழு பேரும் அழுத பக்கம்.

நான் வேலை செய்கிற கந்தோரில் ஒரு தம்பி இருக்கிறார், காரியாலய உதவியாளர். நாவல் எழுதிய காலத்தில் தட்டச்சுப் பிரதிகளை நானாவின் கடைக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்தது அவர்தான். ஐந்து பக்க நன்றியுரையில் விடுபட்டவரும் அவர்தான். அவர் படுவான்கரையில் கொக்கட்டிச்சோலைக்கு அந்தப் பக்கம், வயல் செய்கிற குடும்பம். அவரிடம் ஒரு பிரதியை வாசிக்கக் கொடுக்க வேண்டும் என்று நாலு வருசத்தில் ஒரு நாள் கூட எனக்குத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்பதை நான் நன்றாக யோசித்துப் பார்த்தேன், பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

அவர் விழாவுக்கு வந்து, கவரில் சரியாக ஆயிரம் வைத்து, ஒரு பிரதி எடுத்துப் போனார். நாலாம் நாள் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று கோப்பு ஒன்றைத் தேவையில்லாமல் சரிபண்ணினார். "அக்கா, கோவிக்கப்படாது. மகள்தான் அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினவ. அம்மா உங்கள ஒருக்கா வரட்டாம்."

ஞாயிற்றுக்கிழமை போனேன். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை அந்தத் துறையைப் 'பாதை'யில்தான் கடக்க வேண்டும், மோட்டார் சைக்கிளையும் ஆட்களையும் சேர்த்து ஏற்றிப் போகிற மிதவை அது. இப்போது ஸ்கூட்டியில் இரண்டு நிமிடம். வீட்டு முற்றத்தில் பாய் போட்டுத் தம்பியின் அம்மா இருந்தா. எண்பதுக்குக் கிட்ட வயது. வெற்றிலையைக் கொடுப்புக்குள் ஒதுக்கிவிட்டு முதல் கேள்வியே இதுதான்:

"புள்ள, கார்த்திக மாசத்துல ஆரு வேளாண்ம வெட்டின?"

எனக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. பெரும்போகம் புரட்டாசி கடைசி, ஐப்பசியில் விதைத்தால் வெட்டு தை, மாசியில். சிறுபோகம் என்றால் மாரி தொடங்குவதற்கு முன்பே ஆவணி, புரட்டாசியில் சூடடித்து நெல் வீட்டுக்கு வந்திருக்கும். நவம்பர் 23 கார்த்திகை மாதம். களவெட்டியில் சூடு இருக்க வழியே இல்லை.

"சூறாவளி அடிச்ச அண்டு பயிர் ஒரு சாண்தான் புள்ள. ஒரு சாண் பயிரக் காத்து என்ன செய்யிற? மறுகா எங்கால சூடு?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தா. கோபம் துளியும் இல்லை. என் முகம் போன போக்கைப் பார்த்துப் பேத்தி உள்ளே ஓடிவிட்டாள்.

பிறகு தன் கதையைச் சொன்னா. வீட்டுக் கூரை போய்விட்டது. அடுத்த வெட்டு வரைக்கும் சாப்பாட்டுக்கென்று வைத்திருந்த நெல் மூட்டைகள் நனைந்தன. வெயில் இல்லை, காய வைக்க இடமும் இல்லை. "மூணாம் நாள் கைய வச்சுப் பாக்கன், மூட்டைக்குள்ள சூடு, ஒள்ளுப்பம் ஒள்ளுப்பமா வெள்ள முளை. நெல்லு தன்ர பாட்டுக்கு முளைக்கிது, எங்களுக்குத் திங்க ஒண்டுமில்ல." இதைச் சொல்லும்போது கையை விரித்து, விரல்களைக் குவித்து, மூட்டைக்குள் விடுகிற மாதிரி மெல்லக் கீழே இறக்கிக் காட்டினா. நான் எழுதிய 208 பக்கத்தில் அந்தக் கை மாதிரி ஒரு வரி இல்லை.

அடுத்த போயாவில் விறாந்தையில் இதைச் சொன்னேன். வங்கிக்காரர் உடனே, "ஆருக்குத் தெரியப் போகுது, விடுங்க" என்றார். ஆரையம்பதிக்காரர் இருவரும் அதையே சொன்னார்கள். எனக்காகத்தான் சொன்னார்கள், தெரியும். ஆனால் படுவான்கரை முழுக்கத் தெரியுமே! நாங்கள் ஏழு பேரும் சேர்ந்தால் ஒரு வயல் வரப்பு கூட இல்லை, அதுதான் எங்களில் ஒருவருக்கும் படவில்லை. டீச்சர் அக்கா பிறகு சொன்னா: "திருத்தம் அடிச்சு ஒட்டு. வெக்கம் ஒரு நாளைக்கு, புத்தகம் கன நாளைக்கு."

அன்று கையில் 163 பிரதி இருந்தது. 112ஆம் பக்கத்தில் இரண்டு பந்தியைப் புதிதாக எழுதினேன், களவெட்டிக்குப் பதில் வீடு, சூட்டுக்குப் பதில் முளைத்த நெல். கடன் கடனாகவே இருந்தது, ஆகவே மிச்சக் கதை தப்பியது. எழுதியதை முதலில் தம்பியின் மகளுக்கு அனுப்பினேன், அவள் வாசித்துக் காட்டி, அப்பம்மா தலையாட்டிய பிறகுதான் நானா சீட்டடித்தார். அதே எழுத்துரு, அதே அளவு, அதே மங்கல் மஞ்சள் தாள். இதைக் கவனியுங்கள்: பளிச்சென்ற வெள்ளைத் தாளில் அடித்தால் காயத்துக்குக் கட்டுப் போட்ட மாதிரி தெரியும்.

ஒட்டுகிற வேலை இரண்டு போயா எடுத்தது. முதல் பதினொரு பிரதிக்குத் தண்ணிப் பசை பூசினோம், பக்கம் உப்பி, புத்தகம் வாய் திறந்துகொண்டு மூட மறுத்தது. பிறகு கம் ஸ்டிக், அதுவும் முழுச் சீட்டுக்கும் இல்லை, தையல் பக்கத்து ஓரத்தில் மட்டும் ஒரு கோடு. அப்படி ஒட்டினால் சீட்டைத் தூக்கிப் பழைய பந்தியையும் பார்க்கலாம். அதை நான் மறைக்க விரும்பவில்லை. வங்கிக்காரர்தான் எல்லாரையும் விட நேராக ஒட்டினார், நோட்டு எண்ணிப் பழகிய கை. மரவள்ளிக்கிழங்கும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டு, பசைக்கையும் சம்பல்கையும் மாறிப்போய், எட்டாம் ஆளாகத் தம்பியும் வந்து உட்கார்ந்து, அந்த இரண்டு நாளும் விழா நாளை விடக் கலகலப்பாக இருந்தன.

ஆகவே தங்கச்சி, கையெழுத்துப் பிரதியை ஏழு பேரிடம் கொடுப்பதென்றால் ஆறு பேர் உங்கள் ஆட்களாக இருக்கட்டும். ஒருவர் உங்கள் கதை நடக்கிற மண்ணில் கால் வைத்தவராக இருக்கட்டும், அவர் நாவல் வாசிக்கிறவரா என்று பார்க்காதீர்கள். வாசிக்க முடியாதவர் என்றால் போய் இருந்து வாசித்துக் காட்டுங்கள். உங்கள் கதை மருதமுனைத் தறிக்காரர் கதை என்று சொன்னீர்கள், தறியில் இருக்கிற ஒருவருக்கு அதை வாசித்துக் காட்டியாகிவிட்டதா?

முதலில் விற்ற பிரதிகளுக்கும் சீட்டுகளைத் தபாலில் அனுப்பினேன், கொப்பியில் பெயர் இருந்ததால் முடிந்தது. தம்பி வீட்டுக்கு நானே கொண்டுபோனேன். புத்தகம் அங்கே இல்லை. பக்கத்து வீடு, பிறகு அதற்கடுத்த வீடு என்று கை மாறிப் போய்விட்டதாம். கடைசித் தாளில் வாசித்தவர்கள் பெயர்களை வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்களாம், ஒன்பது பேரோ பத்துப் பேரோ. இப்போது மண்டூர்ப் பக்கம் ஒரு மச்சாள் வீட்டில் நிற்கிறது என்றார் தம்பி. சீட்டு இல்லாமலே போயிருக்கிறதே என்று நான் பதறினேன். அதற்குப் பேத்தி சொன்னாள், 112ஆம் பக்கத்து ஓரத்தில் தான் பென்சிலால் எழுதித்தான் விட்டதாக: "இது பிழை. அப்பம்மாவிட்டக் கேக்கவும்."